மிக்கேலின் வலது கை

போலீஸுக்காகத் தண்ணியில் பிணம் எடுக்கையில் பயம் இருக்காதா என்று புதிதாய்ச் சங்கு குளிக்க வருகிறவர்கள் கேட்பார்கள். தண்ணிக்குள்ளே பயம் கிடையாது. நான் பயந்தது கரையில். ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில்.

விசைப்படகில் வேலை பார்த்த மிக்கேல் காணாமல் போயிருந்தான். திரேஸ்புரத்துக்கு வெளியே கடலில், பார் என்கிற பாறைத் திட்டின் ஓரத்தில் தேடச் சொன்னார்கள். மூச்சுக்குக் காற்று வருகிற கம்ப்ரசர் ஹோஸை வாயில் கடித்துக்கொண்டு இறங்கினேன். அடியில் கலங்கல். கையில் தட்டுப்பட்ட பிறகுதான் ஆள் என்று தெரிந்தது. முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். இடது சட்டைக் கையை மேலே தள்ளி, மணிக்கட்டில் கயிற்றைக் கட்டி மேலே ஏற்றினேன்.

எங்கள் ஆட்கள் இடது கையில்தான் கட்டுவோம். வலது கை சிலுவை போடுகிற கை. செத்தவனுக்கும் அது கட்டில்லாமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு வழக்கம்.

கயிற்றை அவிழ்த்த பிறகுதான் இன்ஸ்பெக்டர் கரைக்கு வந்தார். இடது கையில் தடத்தைப் பார்த்தார். அன்றைக்கே என் தங்கச்சி மாப்பிள்ளை சூசையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். காரணம் இருந்தது. மிக்கேல் போன படகு சூசையின் வலையை அறுத்திருந்தது. சூசை மீன் ஏலக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் வைத்து, "ஏலே மிக்கேலு, ஒன் கையக் கெட்டிக் கடல்ல போடல, நான் சூசை இல்லலே" என்று சொல்லியிருந்தான். மறுநாள்தான் மிக்கேல் காணாமல் போனது.

அந்தக் கட்டு நான் போட்டது என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"தங்கச்சி தாலிக்காகச் சொல்லுதீரு. ஒம்ம இடத்துல நானும் இதையேதான் சொல்லுவேன்."

வெளியே தங்கச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச்சுவரிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. உடம்பை அறுத்துப் பார்க்கிற ஃபாரன்சிக் டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். போனேன். மருந்து வாடை. குளிர். கடலுக்குள் கட்டிப் பிடித்துத் தூக்கிய உடம்புதான். லைட்டு வெளிச்சத்தில் பார்க்க முடியவில்லை.

டாக்டர் இடது கையைக் காட்டினார். தடத்தில் தோலை வெட்டியிருந்தார். உள்ளே வெளுப்பு.

"உள்ள ரத்தம் கட்டல. உயிர் போன பிறகு விழுந்த தடம். நீங்க கட்டினதுதான் அண்ணாச்சி, நம்புறேன்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து வலது கைச் சட்டையை மேலே தள்ளினார். அங்கேயும் ஒரு தடம். சட்டைக்குள் இருந்ததால் கரையில் யாரும் பார்க்கவில்லை.

"இதையும் நீங்கதான் கட்டினீங்களா?"

சுவரில் சாய்ந்து நின்ற இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். ஆமா என்றால் சூசை வீட்டுக்கு வருவான். இல்லை என்றால், அந்தக் கையை வேறு யாரோ கட்டியிருக்கிறான். ஏலக்கூடத்தில் சூசை சொன்னது அதுதான். செய்திருப்பானோ என்று எனக்கே மனசில் ஓடியது. ஆமா என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். மிக்கேலின் சிலுவை போடுகிற கை முன்னால் கிடந்தது.

"இல்லம்மா. வலது கைய நாங்க கெட்ட மாட்டோம்."

"அப்பம் சூசைதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா அந்தத் தடத்தையும் வெட்டினார். உள்ளே கறுப்பாய் ரத்தம் கட்டிக் கிடந்தது. உயிரோடு இருக்கையில் விழுந்தது என்றார். லென்ஸை எடுத்து இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார்.

"கயிறு இல்ல சார் இது. கம்பி முறுக்கு. தோல் மடிப்புல கிரீஸ் இருக்கு, பாருங்க."

சூசை சின்ன வள்ளத்துக்காரன். வலையைக் கையால் இழுக்கிறவன். கம்பி வடமும் அதைச் சுற்றி இழுக்கிற வின்ச் மெஷினும் விசைப்படகில்தான் உண்டு. கிரீஸ் லேபுக்குப் போனது. மிக்கேல் போன படகின் வின்ச் கிரீஸோடு ஒத்தது. தடமும் அந்த வடத்தின் முறுக்கும் ஒன்று. பிறகு படகு டிரைவர் ஒத்துக்கொண்டான். வின்ச் ஓடும்போது, சட்டைக் கையைச் சுருட்டியிருந்த மிக்கேலின் வலது கை வடத்தில் சிக்கி, ஆளைக் கடலுக்குள் வீசிவிட்டது. கேஸ் ஆகும் என்று படகில் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

சூசை வெளியே வந்தான்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் போனபோது டாக்டரம்மாவைப் பார்த்தேன். "வலது கையில ரத்தம் கட்டியிருக்குன்னு வெட்டுறதுக்கு முன்னாடியே நிறத்தப் பாத்து எனக்குத் தெரியும். அன்னைக்கு ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா, இடது கைக்கு நீங்க சொன்னதையும் எழுதியிருக்க மாட்டேன்" என்றார்.

இப்போது நாங்கள் எந்தக் கையிலும் கட்டுவதில்லை. பழைய வலையில் மொத்தமாய்ச் சுற்றி ஏற்றுகிறோம். அவர் சொல்லிக் கொடுத்தது. இந்த வேலைக்கு வருகிறவனுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தொட்டதைத் தொட்டேன் என்று சொல். தொடாததைத் தொட்டேன் என்று சொல்லாதே, யாருக்காகவும்.

கலங்கல் தண்ணியில் எனக்கு இப்போதும் பயம் இல்லை. மார்ச்சுவரி வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் வலது கையால் சிலுவை போட்டுக்கொள்வேன்.