சொசைட்டிக்காரர் வீட்டில் மோர் கிடையாது

நல்லேப்பிள்ளி பக்கம் ஒரு பால் சொசைட்டியில் எனக்கு வேலை. விடியும்போது கேன்களோடு வருகிறவர்களிடம் பாலை வாங்கி, மெஷினில் கொழுப்புப் பார்த்து, எழுதிக் கொடுக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். தண்ணீர் கலந்தவர்கள் கொஞ்சம் முந்திக்கொண்டு சொல்வார்கள். இப்படி ஊர்ப் பாலையெல்லாம் அளக்கிறவன் வீட்டில் ஏறக்குறைய அரை வருஷம் ஒரு சொட்டுப் பால் நுழையவில்லை. எங்கள் மகளுக்காக.

அவளுக்கு அப்போது ஏழு வயது. ஆட்டிசம், பேச்சு வரவில்லை. அவள் இந்த உலகத்திடம் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான், தயிர். நான் எங்கே உட்கார்ந்திருந்தாலும் வருவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். என் வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் வைப்பாள். ஆணியிலிருந்து ஸ்பானரை எடுத்துப் போகிற மெக்கானிக்கின் அலட்சியம் அதில் இருக்கும். ஸ்பானராக இருப்பதில் எனக்குக் கர்வந்தான். அவளுடைய அம்மாவின் விரலை அவள் எடுப்பதில்லை என்பதால் கர்வம் இன்னும் ஒரு சுற்று கூடுதல்.

வாரம் ஒருமுறை வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போவோம். அங்கே இருந்த இளம்பெண் இந்த விரல் கதையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். "இது கேக்கறதுதான் சார். வாய்க்குப் பதிலா உங்க விரல். இதைப் பிடிச்சுத்தான் ஒருநாள் சொல்லு வரணும்" என்றாள்.

அந்த ஒருநாளுக்குக் காத்திருக்கும்போதுதான் என் மனைவி இருந்த வாட்ஸாப் குழுவில் ஒரு தாய் எழுதினார். தன் மகனுக்குக் கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தினாராம்.

"ஏனுங்க, ரெண்டே மாசத்துல அந்தப் பையன் 'அம்மா'ங்கறானாமா."

"கோதுமை திங்கற நாட்டுக்காரங்க எல்லாம் பேசிட்டுத்தானே இருக்காங்க?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் கேலி. மூணு மாசம் பாக்கலாமுங்க. நடந்தா நடக்கட்டும்."

குழந்தை டாக்டரைக் கேட்டோம். இதனால் பேச்சு வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, செய்வதென்றால் எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் தேடிப் படித்து அதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன். படிப்பினால் எனக்குக் கிடைத்த லாபம், ஒரு விஷயத்தைச் சற்றும் நம்பாமல் முழு மூச்சாகச் செய்ய முடிந்தது. ஏன் செய்தாய் என்றால், தெருவில் எந்தக் குழந்தை 'அப்பா' என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற ஆள் நான்.

பிஸ்கட், ரவை, சேமியா, பரோட்டா எல்லாம் வெளியேறின. சோறு தப்பித்தது. சொசைட்டியிலிருந்து வந்தால் கொல்லைக் குழாயில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். பால் வாசம் புள்ளைக்கு ஆசை காட்டுமாம். சாவு வீட்டுக்குப் போய் வந்தவனைப்போலத் தினமும் ஈரத் தலையோடு உள்ளே போனேன்.

ஊரில் செய்தி பரவ இரண்டு நாள் போதும். ஒரு பெரியவர் கேனை வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, சொசைட்டிக்காரர் ஊட்ல மோர்கூடக் கெடையாதாமா? எங்க பாலு மேல அத்தனை நம்பிக்கைங்களா?"

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாயிருச்சுங்க."

"அது தெரியுமுங்க. மெஷின் வெக்காமயே தெரியும்."

தயிருக்குப் பதிலாக மனைவி தேங்காய்ப்பாலைப் பச்சைமிளகாய்க் காம்பு போட்டு உறைய வைத்தாள். பார்வைக்குத் தயிர்தான். முதல் நாள் மகள் என் விரலைக் கொண்டுபோய்க் கைப்பிடியில் வைத்தாள். திறந்து, கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். மறுபடி விரலை எடுத்துக் கைப்பிடியில் வைத்து அழுத்தினாள். ஸ்பானர் நழுவிவிட்டது என்று நினைத்திருப்பாள். மூன்றாவது தடவை நகம் பதிய அழுத்தினாள். நான்காவது தடவை தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு உப்புப் போட்ட வெறும் சோறும் நேந்திரங்காய் வறுவலும்தான் தின்றாள். ஆனாலும் விரலை விடவில்லை. தினமும் வருவாள், இழுப்பாள், பார்ப்பாள், அழுவாள்.

மனைவி மட்டும் முன்னேற்றங்களைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாள். "நேத்து என் மூஞ்சியப் பாத்தாளுங்க. நல்லாப் பாத்தா." மனைவியின் தலைக்குப் பின்னால் சுவரில் பல்லி இருந்தது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நகைச்சுவைக்கு எல்லை உண்டு என்பதை வீட்டில் நான் கடைப்பிடித்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

மூன்று மாதம் முடிந்தது. பேச்சு வரவில்லை, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிடலாம் என்று இருவரும் பேசி முடித்தோம். சனிக்கிழமை அந்த வாட்ஸாப் தாய் ஒரு கேள்வி கேட்டார்: "பெருங்காயம் எது போடறீங்க?"

கடையில் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கிறது. அச்சடித்த எதையும் விடாமல் படிக்கிற வியாதிக்காரனான நான், பிஸ்கட் முதல் பற்பசை வரை எல்லா உறைகளையும் படித்திருந்தேன். பெருங்காயம் மட்டும் வந்த அன்றே அஞ்சறைப்பெட்டிக்குப் போய்விடுவதால் அதற்கு உறையே இல்லை. நாங்கள் சாப்பிட்ட ரசம், சாம்பார் போகட்டும், புள்ளைக்கு வயிற்றுவலி என்று கொடுத்த வெந்நீரிலும் கோதுமை சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறது.

மனைவி அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் முகம் தெளிந்துகொண்டே வந்தது. இத்தனை நாளும் தோற்றது முறையல்ல, நாங்கள்தான் என்றாகிவிட்டதே. அவளுக்கு அதைவிட நல்ல செய்தி வேறு இருந்திருக்க முடியாது.

"ஒரு சிட்டிகையில போயிருச்சு பாருங்க" என்றாள்.

"அப்ப?"

"மொதல்லருந்துதானுங்க. அதுக்கென்ன."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாதக்கணக்கில் நான் பார்க்காத வெளிச்சம் அந்த முகத்தில் இருந்தது. சரி என்றேன்.

இரண்டாவது சுற்றில் பெருங்காயம் இல்லாத ரசத்தைக் குடித்தோம். அது ரசம் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு வந்த வாடகைக்காரர் மாதிரி இருந்தது. மகள் விரலைத் தேடி வருவது குறைந்தது. பிறகு பக்கத்தில் வந்து நின்று, கையைப் பார்த்துவிட்டுப் போவாள். பிறகு வரவே இல்லை. அழுகையும் நின்றது. வீடு அமைதியாகிவிட்டது. "பாத்தீங்களா, எத்தனை சாந்தமாயிட்டா" என்று மனைவி சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கோயம்புத்தூரில் அந்தப் பெண் கேட்டாள்: "விரலைப் பிடிக்கிறது எப்ப நின்னுச்சு சார்?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி மகளின் இடுப்பைப் பார்த்தாள். பாவாடையை ஊக்குப் போட்டு நிறுத்தியிருந்தது.

திரும்பும்போது வேலந்தாவளம் தாண்டியதும், "வண்டிய நிறுத்துங்க" என்றாள் மனைவி. இறங்கிப் பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் தயிர் வாங்கினாள். எங்கள் சொசைட்டித் தயிர்கூட இல்லை, ஏதோ ஒன்று. வாயாலேயே மூலையைக் கடித்துத் திறந்து, வண்டியிலேயே கொடுத்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எடை மெல்ல ஏறியது. விரலுக்குத்தான் அழைப்பு வரவில்லை. மகள் தானே ஃப்ரிட்ஜைத் திறந்து தயிரை எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். பயிற்சிப் பெண்ணிடம் சொன்னோம். "தானா செய்யறாளே, அதுவும் நல்லதுதான்" என்றாள். முதல் தடவை சொன்னபோது இருந்த சந்தோஷம் அதில் இல்லை.

"மேல் தட்டுல வெக்கலாமுங்க. எட்டலைன்னா கேப்பா" என்றாள் மனைவி. வைத்தோம். மகள் திறந்தாள், அண்ணாந்து பார்த்தாள், கதவை மூடினாள். போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் மனைவியே கிண்ணத்தைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினாள்.

நான் இப்போது சாப்பாட்டு நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வலது கை சும்மா நீட்டியபடி இருக்கும். மகள் வருவாள், கையைச் சுற்றிக்கொண்டு போவாள், எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்புவாள்.

நேற்று மனைவி கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கைய மடக்கிக்குங்க" என்றாள். "புள்ளைக்கு வழி வேணுமுங்க."