அத்தைக்கு வாங்கிய மடக்குக்கத்தி

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் கொய்யாப்பழம் நறுக்க மடக்குக்கத்தியை விரித்தாள். 'டக்' என்று கேட்ட அந்தச் சத்தத்தில், அவள் நீட்டிய துண்டை வாங்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அறுபதாம் வருஷ வாக்கில், திருச்சியில் எங்களோடு இருந்த அத்தைக்குத் தொட்டியத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. புருஷனை இழந்த தங்கை வெளியூரில் தனியாக இருப்பதா என்று அப்பாவுக்குக் கோபம். ஒரு மாதமாக அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், சின்னப் பிள்ளையாக இருந்த என்னைக் கத்திக் கடைக்கு அழைத்துப் போனார். ஒல்லியான மடக்குக்கத்திகளை ஒவ்வொன்றாக என்னிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார்.

"இதை எடுத்துக்கங்க, ஸ்பிரிங் நல்ல கெட்டி" என்றார் கடைக்காரர்.

"கெட்டி வேணாம் பாய். பொம்பளை நகத்துக்குத் திறக்கணும். பைக்குள்ள தானா திறந்துக்கவும் கூடாது."

கொம்புப் பிடி போட்ட ஒன்று எனக்குச் சுலபமாகத் திறந்தது. அதையே வாங்கினார்.

மறுநாள் காலையில் அத்தை கை நீட்டியும் அப்பா அதைக் கையில் தரவில்லை. அவளுடைய டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தார். அவள் முகம் வாடிப்போனது.

"கையில குடுக்கக்கூட மனசு வரலையாண்ணா?"

"கத்தியைக் கையில குடுத்தா சண்டை வரும்பாங்க."

"ஒரு மாசமா பேசாமத்தானே இருக்கோம். இனிமே புதுசா என்ன சண்டை?"

"அது போதும்னுதான் கீழ வச்சேன். எடுத்துக்கம்மா."

அத்தை கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பெட்டியைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

"இதைக் கையில குடுக்கலாம்ல?"

அப்பா வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி அவளுக்கு முன்னால் நடந்தார்.