எட்டு வாரத் தண்ணீர்

என் கணவர் இருபத்தாறு வருடம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர். ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது: "சரி." பசிக்கிறதா என்று கேட்டாலும் சரி, வலிக்கிறதா என்று கேட்டாலும் சரி. கோபம் வந்து அழும்போதும் அதே சொல்தான்.

எங்கள் வீடு தெமோதரையில், நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பாடசாலைக்குப் போகும் நேரத்தில் அவருடைய தங்கை தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து அவரோடு இருப்பார். அவர் நாள் முழுக்க முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிவி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதில் பேசுகிறவர்களின் வேகம் அவருக்குப் பிடிபடவில்லை.

கிளினிக்கில் அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் சொன்னாள்: "சுவரையே பார்த்துக்கிட்டு இருந்தா மூளையும் சும்மா இருந்துடும் டீச்சர். சத்தம் இல்லாம அசையிற எதையாவது கண்ணு முன்னால வைங்க. மீன் தொட்டி வச்சா நல்லது."

அன்றைக்கே பதுளையில் ஒரு வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அழகாக இருந்ததையெல்லாம் காட்டினேன். இரண்டு கோல்ட் ஃபிஷ், வரி போட்ட டைகர் பார்ப் நான்கு, நீளமான செட்டை வைத்த ஓர் ஏஞ்சல், கொஞ்சம் கப்பி.

"இதெல்லாம் ஒண்ணா இருக்குமா?"

"இருக்கும் டீச்சர், பயப்படாதீங்க," என்றார் கடைக்காரர்.

இரண்டடித் தொட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அன்று மாலையே சரளைக்கல்லைக் கழுவிப் போட்டு, மலையூற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி, மீன்களை விட்டேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். பிறகு இடது கை எழுந்தது. கோல்ட் ஃபிஷ் போன பக்கமெல்லாம் அவருடைய விரலும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் ஒன்றைத் தானாகத் தேடிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் குசினிக்குள் போய் அடுப்புப் பக்கம் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல ஆனது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. டைகர் பார்ப்புகள் ஏஞ்சலின் செட்டையைக் கடித்துக் கந்தலாக்கின. அழுக்குத்தான் காரணம் என்று நினைத்து, தண்ணீர் முழுவதையும் இறைத்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். ஃபில்டர் ஸ்பொஞ்சைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் கப்பிகள் செத்து மிதந்தன. அதற்கடுத்த நாள் ஏஞ்சல். நான் பாடசாலையில் இருந்த நேரத்தில் ஒவ்வொன்றாகச் செத்தன. அவர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போக முடியாத மனுஷன்.

"அண்ணே கையைக் காட்டிக்கிட்டே அழுவுது அண்ணி. எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல," என்றார் நாத்தனார்.

எட்டாம் நாள் கடைசி கோல்ட் ஃபிஷ் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு செட்டையை மட்டும் அசைத்துக்கொண்டு கிடந்தது. வெகுநேரம் அப்படியே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரி," என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான், வேறு அர்த்தம் எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியவில்லை.

எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை வீட்டில் மீன் வளர்க்கிறவள். அவளிடம் சொன்னபோது முதலில் ஸ்பொஞ்சைப் பற்றித்தான் கேட்டாள்.

"சோப்புப் போட்டா கழுவினீங்க?"

"ஆமா."

"தண்ணி சுத்தமா இருந்தா மட்டும் போதாது டீச்சர். மீனோட கழிவுல அமோனியா வரும், அது விஷம். அதைத் தின்னுற பாக்டீரியா புதுத் தொட்டியில இருக்காது. மொத ஒரு வகை வளந்து அமோனியாவ நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷந்தான். பொறகு இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட்டா மாத்தும். அது பெருசா கெடுக்காது. இந்த ரெண்டும் ஸ்பொஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டி வளரணும். அதுக்கப்புறந்தான் மீன்."

"எத்தன நாள்?"

"மத்த எடத்துல அஞ்சாறு வாரம். நம்ம குளிருக்கு இன்னும் கூடும்."

கோல்ட் ஃபிஷ்ஷுக்குக் குளிர் வேண்டும், ஏஞ்சலுக்குச் சூடு வேண்டும், டைகர் பார்ப் நீளச் செட்டையைக் கண்டால் விடாது என்றும் சொன்னாள். எங்களுக்கு ஸீப்ராதான் சரிவரும் என்றாள். விரல் நீளம்கூட இல்லாத நீலக்கோட்டு மீன். குளிரைத் தாங்கும், யாரையும் கடிக்காது, கூட்டமாக இருந்தால் ஒரு நிமிஷமும் நிற்காது. ஆறு போதும் என்றாள்.

மறுபடியும் தொடங்கினோம். மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டேன். அது அழுகித்தான் அமோனியா வரவேண்டும். தண்ணீரைச் சோதிக்கும் மருந்துப் போத்தல்களை அவள் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தாள். காலையில் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, அவர் முகத்துக்கு நேரே பிடிப்பேன். பச்சையாக இருந்தால் அமோனியா. ஊதா என்றால் நைட்ரைட். வெறும் தொட்டியைப் பார்த்து அவருக்குக் கோபம் வரும். ஒருமுறை இடது கையால் கண்ணாடியை ஓங்கி அடித்தார்.

"பொறுங்க. தண்ணி இன்னும் சரியா வரல. இந்தத் தடவ ஒண்ணும் சாகாது," என்பேன்.

மூன்றாவது வாரம் விஞ்ஞான ஆசிரியை வந்து பார்த்தாள். "ரெண்டே ரெண்டு ஸீப்ராவ இப்பவே விடலாம் டீச்சர். தினம் கொஞ்சம் தண்ணி மாத்தினா தாங்கும். பெரும்பாலும் சாகாது."

"பெரும்பாலும்னா?"

"ஒண்ணு செத்தாலும் செத்துடும்."

"வேணாம்," என்றேன். அவர் கண்ணெதிரே இன்னொன்று சாகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

எட்டாவது வாரம் புதன்கிழமை பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை. குழாயை அவரிடம் காட்டினேன். "சனிக்கிழமை பதுளைக்குப் போறேன். ஆறு மீனோட வருவேன்," என்றேன். அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் போகும் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது.

இந்த முறை ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த ஒற்றைச் சொல்லும் போனது. கண்கள் திறந்தே இருந்தன. நான் கையை ஆட்டிப் பார்த்தேன், இமைக்கவில்லை. "கண்ணுல பழுதில்ல," என்றார் டாக்டர். "கண்ணு பார்க்கிறத வாங்குற எடம் மூளையில செத்துப்போச்சு."

வீடு போகும்போதெல்லாம் தொட்டியில் அந்த ஒரு சிட்டிகையைப் போட்டு வந்திருந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் ஆறு ஸீப்ராவை வாங்கி வந்து விட்டேன்.

"இது யாருக்கு அண்ணி?" என்று நாத்தனார் கேட்டார். நான் தீனி டப்பாவை மூடி வைத்தேன்.

ஒன்றுகூடச் சாகவில்லை. தண்ணீர் தெளிந்து கிடக்கிறது. அவை ஒன்றன்பின் ஒன்றாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகின்றன. மூன்றாவது வாரத்தில் இரண்டை விட்டிருந்தால் அவர் ஐந்து வாரம் பார்த்திருப்பார். ஒன்று செத்திருந்தாலும் மற்றது இருந்திருக்கும். விஞ்ஞான ஆசிரியை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முதலில் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்ப மேல போகுது, இப்ப கல்லுப் பக்கம் போகுது, ஒண்ணு மட்டும் தனியா நிக்குது என்று. முகத்தில் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் நிறுத்திவிட்டேன்.

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கட்டிலை முன்னறையிலேயே போட்டிருக்கிறோம்; ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தொட்டி. தொட்டிப் பக்கம் திருப்பும்போது அந்த நீலக் கோடுகள் அவருடைய கருவிழியில் சின்னதாக ஓடுவது தெரியும். நேரமாகும்வரை அப்படியே விடுகிறேன். பிறகு தோளையும் இடுப்பையும் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்புகிறேன்.