நாலாம் பாகத்து மலைச் சத்தம்

என் மச்சானோடு உட்கார்ந்து விண்வெளிப் படம் பார்ப்பது எனக்கு ஒரு தண்டனை. என்னோடு உட்கார்ந்து பார்ப்பது அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை. அவர் என் அக்காவின் கணவர். இருவரும் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார்கள். தோட்ட வேலை போக, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஸ்பீக்கர் செட் போடுவது அவருடைய உயிர். நான் ஹாலிஎலயில் வாடகைக்கு இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

தமிழ் பேசவைத்து டீவியில் போடும் அந்தப் படவரிசை பாகம் பாகமாக வந்துகொண்டேயிருக்கிறது. ஒரு பாகத்தில் செத்தவன் அடுத்த பாகத்தில் தலைவாரிக்கொண்டு வருவான். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் விண்கலங்கள் நமுனுகுல ரோட்டு வளைவில் பஸ் சாய்கிற மாதிரி சாய்ந்து திரும்புவதையும், காற்றே இல்லாத இடத்தில் வெடிச் சத்தம் காதைப் பிளப்பதையும் என்னால் சகிக்க முடியாது.

"மச்சான், அங்க காத்தே இல்ல. சத்தம் எப்புடி வரும்?"

"சத்தம் இல்லாட்டி வெடிச்சது எவனுக்குத் தெரியும் மாப்ள? படம் பாக்க வந்தவன் பரீட்சையா எழுதப் போறான்?"

"பொய்யையே பாத்துக்கிட்டிருந்தா அதுதான் நெசம்னு மண்டையில ஏறிரும்."

"ஏறட்டுமே. என்ன கெட்டுப்போச்சு?"

அக்கா இரண்டு பேருக்கும் தேத்தண்ணியை வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு படத்தைப் பார்க்கச் சொல்லிப் போவாள்.

நாலாம் பாகத்தில் வேறொரு கிரகத்து மலை உடைகிற காட்சி வரும். முதலில் அடிவயிற்றைக் கலக்குகிற உறுமல். பிறகு பறவைகள் பறக்கும், கல் உருளும். கதாநாயகன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓடி முடிக்கும்வரை மலை மரியாதையாகக் காத்திருந்து பின்னால் வரும். அந்த உறுமலின் கடைசியில், துருப்பிடித்த இரும்புக் கதவைத் திறக்கிற மாதிரி ஒரு கிறீச். மண்ணுக்குள் ஏது இரும்புக் கதவு என்று நான் கேட்காத நாளில்லை. மச்சானுக்கோ அந்தச் சத்தம் அவ்வளவு பிடிக்கும். அதை மட்டும் தனியாக வெட்டிப் போனில் வைத்திருந்தார். எங்கே ஸ்பீக்கர் கட்டினாலும் முதலில் அதைப் போட்டுத்தான் சோதிப்பார். ஒரு வருடம் திருவிழா முடிந்த கையோடு கோயில் முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி முழுப் படத்தையும் காட்டினார். லயமே திரண்டு வந்து பார்த்தது. மலை உறுமியபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

போன மழைக்காலத்தில் மலையகம் முழுக்க மண் சரியத் தொடங்கியது. அக்காவுக்கு அப்போதுதான் பதுளையில் காலில் ஆபரேஷன் செய்து அனுப்பியிருந்தார்கள். கம்பை ஊன்றி வாசல்வரை போய்வருவதே பெரும்பாடு. லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவில் வெடிப்பு விட்டிருப்பதாக அவள் போனில் சொன்ன அன்றே பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தேன். பின்கதவு நிலையில் இறுகித் திறக்க மறுத்தது. சரிவிலிருந்த மரங்கள் லயத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் தேத்தண்ணி நிறத்தில் சேறு வந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் ஒரு மலை என்னதான் சொல்ல வேண்டும்?

ஆனால் லயத்துச் சனம் வேறொன்றுக்காகக் காத்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் துணிமணியும் அடையாள அட்டையும் கட்டிய உரப்பை தயாராக இருந்தது. டீவி, ரேடியோ எல்லாம் அணைத்திருந்தார்கள். பிள்ளைகள் கத்தினால் அதட்டினார்கள். கொழுந்து பறிக்க ஆள் பிரிப்பதுபோல முறை போட்டு, பின்சுவரோரம் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓர் ஆள் மலைக்குக் காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். மலை உறுமினால் அவர் விசில் அடிப்பார். விசில் கேட்டதும் எல்லோரும் கீழேயுள்ள தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். இதுதான் ஏற்பாடு. நாலாம் பாகத்தில் அப்படித்தானே நடக்கிறது!

கிராம சேவகர் வந்து வெளியேறச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முந்தின மழைக்கும் இப்படித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தபோது கோழிகளைக் காணவில்லை. அதனால் இந்த முறை சத்தம் கேட்டால்தான் புறப்படுவது என்று முடிவு.

"ஓடுறவங்க ஓடிருவாங்க, நான் என்ன செய்ய?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். அவளை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். லயத்தில் நடக்கமுடியாத கிழடுகள் இன்னும் இருக்கும்போது தான் மட்டும் போக மாட்டேன் என்றாள். பிடிவாதக்காரி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டேன். மண் தண்ணீர் குடித்தால் பாரம் கூடும், உள்ளே பிடிப்பு விடும், சத்தம் கேட்கிற நேரம் தப்புகிற நேரம் இல்லை, சத்தமே கேட்காமலும் போகலாம் என்று வகுப்பில் சொல்வதுபோல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு பெரியவர் கேட்டார்:

"அப்ப இன்னைக்கி மலை கட்டாயம் வருங்களா சார்?"

"கட்டாயம்னு சொல்ல முடியாது. வரலாம்."

"வராமலும் இருக்கலாம்?"

"இருக்கலாம்."

"அப்புறம் என்னங்க சார்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். மற்றவர்களும் போனார்கள். உண்மையைத்தான் சொன்னேன், ஓர் எழுத்துக்கூடக் கூட்டவில்லை. அவ்வளவு கவனமாகச் சொன்ன உண்மையைக் கேட்டு ஓர் ஆள்கூட உரப்பையைத் தூக்கவில்லை.

மச்சான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இப்புடிக் கத சொன்னா எவன் மாப்ள படம் பாப்பான்?" என்றார். எனக்கு அவரை அறையலாம்போல இருந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் ஏறிப் போனார். அந்த நேரத்தில் சாமி கும்பிடப் போகிறாரே என்று மனதுக்குள் திட்டினேன்.

மத்தியானம் பீலியில் தண்ணீர் சுத்தமாக நின்றுவிட்டது. அவ்வளவு மழையில் பீலி நிற்பதென்றால் உள்ளே தண்ணீர் வேறெங்கோ தேங்குகிறது. நான் அக்காவின் கட்டிலருகே நின்று, என்ன சொன்னால் இவர்கள் அசைவார்கள் என்று தெரியாமல் கை பிசைந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த உறுமல் வந்தது.

மேலே பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. விசில் அலறியது. "மலை வருது! மலை வருது!" என்று லயம் முழுக்கக் கதவுகள் அடித்துத் திறந்தன. உறுமலின் கடைசியில் அந்த இரும்புக் கதவு கிறீச்சிட்டது.

கோயில் லயத்துக்கு மேலே, சரிவோரம் இருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டிகள் அங்கேதான் இருந்தன.

அக்கா என்னைப் பார்த்தாள். "தம்பி, இது படமாச்சே," என்றாள்.

"வாய மூடு. முதுகுல ஏறு," என்றேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் படத்தில் ஒரு பிழையைக் கண்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவைச் சுமந்துகொண்டு சேற்றில் இறங்கினேன். இளந்தாரிகள் கிழடுகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். பின்னால் உறுமல் திரும்பவும் எழுந்தது. மச்சான் இரண்டாம் தடவை போடுகிறார் என்று தெரிந்தும் நடையை எட்டிப் போட்டேன். அந்த மனிதர் சரிவோரம் தனியாக நிற்கிறாரே என்பது பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் நனைந்து வந்து சேரும்வரை அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலை அன்று சாயங்காலத்துக்குள் வந்தது. எப்போது என்று யாருக்கும் தெரியாது. மழை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பனி விலகியபோது பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தோம், லயத்தின் பாதியைக் காணவில்லை. அக்காவின் கட்டில் கிடந்த இடத்தில் செம்மண். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மச்சான் குந்திவிட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்மேல் அன்று எனக்கு வந்த அன்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தப்பிவிட்டோம் என்ற நிம்மதி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. "மலை சத்தம் போட்டு எங்கள எழுப்பிவிட்டுச்சு" என்று சனம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னது. பேச்சு தோட்டம் முழுக்கப் பரவியது. அதே மலையின் அடுத்த முகத்தில், மேல் டிவிசனில் இன்னொரு லயம் இருக்கிறது. அங்கேயும் வெடிப்பு. அங்கேயும் உரப்பைகளைக் கட்டிவைத்து, டீவியை அணைத்து, பின்சுவரோரம் ஆள் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மச்சானைத் தேடிப் போனேன்.

"மச்சான், நீங்கதான் சொல்லணும்," என்றேன்.

"ஒதைப்பாங்கடா."

"ஒதைக்கட்டும். இல்லாட்டி அவங்க சத்தம் வரும்வரைக்கும் அங்கேயே இருப்பாங்க."

அவர் எழுந்து, கோயிலில் தப்பிக் கிடந்த ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் பேட்டரியையும் ஆட்டோவில் ஏற்றினார்.

மேல் லயத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மலை சத்தம் போடவில்லை, அது படத்துச் சத்தம், நான்தான் போட்டேன், நீங்கள் காத்திருக்காமல் இப்போதே இறங்குங்கள் என்று கும்பிட்டுச் சொன்னார். யாரும் நம்பவில்லை. எங்கள் லயத்திலிருந்து அங்கே உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"நான் என் காதால கேட்டேங்க. தரையே ஆடுச்சு. மலை செஞ்ச நல்லதுக்கு இவரு பேர் வாங்கப் பாக்குறாரு," என்றாள்.

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பக் கேளுங்க! இதுதானே கேட்டீங்க?" என்று கத்திக்கொண்டே போனைச் செருகி, குமிழை முழுக்கத் திருகினார்.

உறுமல் எழுந்தது. அவருடைய கை குமிழில் இருப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பின்சுவரோரம் இருந்த ஆள் பார்க்கவில்லை. அவர் விசில் அடித்தார். அவ்வளவுதான். வாசலில் நின்றவர்களும் உரப்பையை இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். மச்சான் "நில்லுங்க, இது படம்!" என்றார். நான் அவர் கையைப் பிடித்து, "விடுங்க, ஓடட்டும்," என்றேன்.

அன்று அவர்களும் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அந்தச் சரிவு இறங்கவில்லை. மழை விட்டதும் அவர்கள் லயத்துக்குத் திரும்பினார்கள், வேறு எங்கே போவது? அக்காவையும் மச்சானையும் ஹாலிஎலக்குக் கூட்டிவரும் முன், நான் மட்டும் மேல் லயத்துக்குப் போய் வீடு வீடாக இன்னொரு தடவை சொன்னேன். கதவு இறுகினால், பீலி கலங்கினால், உடனே இறங்குங்கள், சத்தத்துக்குக் காத்திருக்காதீர்கள் என்று. கடைசி வீட்டில் ஒரு பெண் எனக்குத் தேத்தண்ணி கொடுத்து, நான் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க வீணாப் பயப்படுறீங்க சார்," என்றாள். "எங்க மலை சொல்லாம வராது."