நோன்பு மாதத்துச் சீட்டு

சைகோனில் கத்தினா தெருவில் இருந்த ஒரு சுருட்டுக் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். விற்கிற வேலை இல்லை. பிடித்துப் பார்த்துத் தரம் சொல்கிற வேலை. ஊருக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் 'பிரெஞ்சுக்காரர் கடையில் குமாஸ்தா' என்று எழுதுவேன். சுருட்டுப் பிடிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்றால் காரைக்காலில் எனக்குப் பெண் கொடுத்த வீட்டில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

வேலை ஒன்றும் சுலபமில்லை. மணிலாவிலிருந்து கப்பலில் சரக்கு வந்ததும் முதலாளி ஒரு பெட்டியைப் பிரித்து என் முன்னால் வைப்பார். நான் ஒன்றை எடுத்துத் தலையிலிருந்து அடிவரை விரலால் மெல்ல அமுக்கிக்கொண்டே போவேன். கல்லாக இருக்கிற இடத்தில் புகை வராது, பஞ்சாக இருக்கிற இடத்தில் நெருப்பு ஓடிவிடும். வெளியே சுற்றிய இலையில் நரம்பு புடைத்திருக்கிறதா, மழைக்கால ஈரத்தில் ஊதியிருக்கிறதா என்று பார்ப்பேன். தலையைச் சீவி, பற்ற வைக்காமலே ஒரு இழுப்பு. பிறகு தீக்குச்சியின் சுடர் படாமல் சூடு மட்டும் படும்படி நுனியைக் காட்டிப் பற்ற வைப்பேன். முதல் பங்கில் எல்லாச் சுருட்டும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். நடுவில்தான் சுயரூபம் தெரியும். கடைசிப் பங்கில் நாக்கைக் கடிக்காமல் இருந்தால் அது உயர்ந்த சரக்கு. ஒரு சுருட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் யார் பேச்சுக் கொடுத்தாலும் எனக்குக் கோபம் வரும்.

முடிந்ததும் ஒரு சீட்டில் பிரெஞ்சில் இரண்டு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுவேன். அந்தச் சரக்கின் ஒவ்வொரு பெட்டி மூடிக்குள்ளும் அதேபோல் ஒரு சீட்டு ஒட்டப்படும். துரைமார் பெட்டியைத் திறந்ததும் சுருட்டைப் பார்ப்பதில்லை, என் சீட்டைத்தான் படிப்பார்கள். அந்த ஊரில் என்னிடம் நிலமோ கடையோ கிடையாது. அந்தக் கையெழுத்து ஒன்றுதான் என் சொத்து. அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

நோன்பு மாதம் வந்தால் பகலில் புகை கூடாது. முதலாளி கொர்சிக்கத் தீவுக்காரர். வந்த முதல் வருஷமே அவராகவே சொல்லிவிட்டார்: "நீ சாயங்காலம் நோன்பு திறந்த பிறகு பார்த்தால் போதும்." அவர் என்னை 'நீ' என்பார், நான் அவரை 'நீங்கள்' என்பேன். கடையின் பின்கட்டில் ஒரு நாற்காலி போட்டு, இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்திருப்பார். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பழத்தைத் தின்று, தொழுதுவிட்டு வந்து சுருட்டைப் பற்ற வைப்பேன். வேற்று மதத்துக்காரருக்கு இவ்வளவு பரிவா என்று அவரைப் பற்றி ஊருக்கு ஒரு கடிதமே எழுதியிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஏழாவது வருஷம் நடந்தது. நோன்பு பிறந்து பத்து நாள் இருக்கும். புதிய சரக்கு ஒன்று என் முன்னால் வந்தது. தேவதாரு மரப்பெட்டி, சுருட்டுக்குத் தங்கநிறக் காகித வளையம். பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் பற்ற வைத்தேன். முதல் இழுப்பிலேயே உடம்பு தளர்ந்து கண் சொருகியது. ஏலக்காயும் வறுத்த கொட்டையுமாக மணம். 'ஆரம்பம் முதல் முடிவு வரை இதம், குறை சொல்ல ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிவாசலில் கஞ்சி குடித்துவிட்டு வாசலில் நின்றேன். கூட நாகூர்க்கார நண்பர். ஜவுளிக் கடை வைத்திருந்தார். அவர் ஒரு சுருட்டை நீட்டினார். பற்ற வைத்தேன். கண் சொருகியது. அதே ஏலக்காய், அதே வறுத்த கொட்டை.

"எந்தக் கப்பல்ல வந்த சரக்கு இது?" என்று கேட்டேன்.

"கப்பலா? இந்த ஊரு பென்-தான் சந்தையில கூடையில கொட்டி வெச்சு விக்கிறாளுவளே, அதுதாங்கனி. என்னா இப்புடி ரசிச்சு இழுக்குறிய? நோன்பு தொறந்த வாய்க்கு வைக்கோலைச் சுருட்டிக் குடுத்தாலும் ருசியாத்தான் இருக்கும்."

அவர் சிரித்தார். நான் சுருட்டைப் பாதியில் கீழே போட்டேன்.

நேரே அறைக்குப் போய் வயிறு நிறையச் சோறு தின்றேன். இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாதிரிக்குக் கடையிலிருந்து எடுத்து வந்திருந்த தங்க வளையச் சுருட்டு ஒன்றை எடுத்து, முதல்முறை பார்க்கிறவனைப் போலப் பற்ற வைத்தேன். நெருப்பு ஒரு பக்கமாகவே ஓடியது. நடுப்பங்கில் கசந்தது. உள்ளே வைத்த இலை சரியாகப் பதப்படாத பச்சை இலை, தொண்டையில் அரித்தது. கடைசிப் பங்கை முடிக்க முடியாமல் அணைத்தேன். ஏலக்காயாவது, கொட்டையாவது.

காலையில் கடை திறந்ததும் அலமாரியில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து என் சீட்டுகளைப் படித்தேன். 'இழுப்பு இறுக்கம்', 'சாம்பல் உதிர்கிறது', 'நடுவில் கொஞ்சம் கசக்கும்' என்று வருஷம் முழுக்கக் குறை சொல்லியிருந்தேன். நோன்பு மாதத்துச் சீட்டுகளில் மட்டும் 'இதம்', 'இதம்', 'குறையில்லை'. போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், எல்லாம் அதே பாட்டு. அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட நல்ல கம்பெனிச் சரக்கில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. வெட்கத்தில் காது சுட்டது.

முதலாளியிடம் போய், "சீட்டு தப்பு. என் நாக்கு பசியில் பொய் சொல்லிவிட்டது. கிழித்துவிடுங்கள்," என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை. "உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. சுமாரான சரக்கை நல்ல சரக்கு என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டாய். அதனால் அதை எடுத்துவைத்து உன் நோன்பு மாதத்துக்காகக் காத்திருப்பேன். நீ எழுதியது உனக்கு உண்மைதானே?" என்றார்.

இத்தனை வருஷமாக அவர் எடுத்து வைத்த பேரீச்சம்பழத்துக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று கோபம் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வேலை போகும். வேலை போனால் கப்பல் ஏற வேண்டியதுதான். ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள். பேசாமல் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி டாக்டர் வந்தார். வெகு காலமாக என் சீட்டை நம்பி வாங்குகிறவர். முதலாளி தங்க வளையப் பெட்டியைத் திறந்து காட்டினார். டாக்டர் சீட்டைப் படித்தார். புருவத்தை உயர்த்தி என் பக்கம் திரும்பினார்.

"குறையே இல்லையா? நிஜமாகவா?"

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நோன்பு திறந்த பசியில் எழுதிய சீட்டு, ஐயா," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "நேற்று வயிறு நிறைந்த பிறகு இன்னொன்று பிடித்துப் பார்த்தேன். வாங்காதீர்கள்."

டாக்டர் பெட்டியை மூடி மெல்லத் தள்ளி வைத்தார். அலமாரிப் பக்கம் போனார். நாலைந்து பெட்டிகளைத் திறந்து சீட்டுகளைப் படித்தார். கடைசியில் ஒன்றை எடுத்து வந்து முதலாளி முன்னால் வைத்தார். முதலாளி என்னைப் பார்க்காமல் அதைக் காகிதத்தில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

அதில் நான், 'நடுவில் கொஞ்சம் கசக்கும்' என்று எழுதியிருந்தேன்.