பம்பின் வாயை மூடிய பலகை

என் தங்கையை வீட்டில் குருவி என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவு சிறுசு. ஆனால் எங்கள் ஊரில் பம்பு ரிப்பேர் என்றால் அவள்தான். நாட்டில் நடந்த சண்டையில் ஆஸ்பத்திரிப் பம்பு நொறுங்கி மூன்று வருஷம் நாலு மாதம். அன்றிலிருந்து லாரித் தண்ணீர்தான்.

போன மாதம் ஒரு நாடு புதுப் பம்பு அனுப்பியது. பன்னிரண்டு வருஷம் முன்பு வரை அந்த நாடே பிறரிடம் உதவி வாங்கிக்கொண்டிருந்ததாம். கூடவே வந்த இன்ஜினியர் எங்கள் மொழியை எங்களைப் போலவே பேசுவார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். திறப்பு நாளில் குருவி தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றிக் காட்டினால் ஆபரேட்டர் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் பம்பு மறுநாளே பக்கத்து ஊருக்கு.

திறப்பு நாள் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால், பம்பில் தண்ணீர் ஊற்றும் வாயின் மேல் 'நட்பின் பரிசு' என்று பளபளக்கும் பித்தளைப் பலகை! முந்தின நாள் வரவேற்புக் குழுத் தலைவர் நான்கு போல்ட் போட்டு முறுக்க வைத்திருக்கிறார்.

"தலைவரே, வாயவே அடைச்சு வெச்சிருக்கீங்க! தண்ணி ஊத்தி நிரப்பலன்னா வெறும் காத்தத்தான் இழுக்கும்" என்றாள் குருவி.

"போட்டோ எடுத்துக்கட்டும்மா, அப்புறம் கழட்டலாம்."

"வராத தண்ணியவா போட்டோ எடுப்பாங்க?"

இன்ஜினியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க ஊருக்கு ஒருத்தங்க பம்பு குடுத்தப்பவும் இதே கூத்து. குடுத்தவங்க கோவிச்சுக்குவாங்கன்னு பயந்து நாங்க கழட்டல. ரெண்டு வருஷம் சும்மா நின்னுச்சு." பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினார். "நீ கழட்டு, தங்கச்சி."

அவள் எனக்கல்லவா தங்கச்சி? ஸ்பேனருக்காக விட்டுக்கொடுத்தேன்.

பலகையைக் கழற்றித் தலைவர் கையிலேயே கொடுத்தாள். டாக்டர், நர்ஸ், நான் எல்லோரும் வரிசையாக நின்று லாரியிலிருந்து வாளி கைமாற்றினோம். பதினோரு வாளி, நான் எண்ணினேன். சுவிட்சைப் போட்டாள். பம்பு செருமியது, உறுமியது.

"ஏறுது! ஏறுது!" என்று மாடியிலிருந்து ஒரு நர்ஸ் கத்தினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டு, கூட்டத்தின் தலையில் தண்ணீர் மழையாகக் கொட்டியது. யாரும் ஒதுங்கவில்லை. குருவி ஸ்பேனரோடு இணைப்பை இறுக்க ஓடினாள். டாக்டர் கைதட்டிக் குதித்தார். தலைவர் மட்டும் பலகையைக் குடையாகப் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர் அதைத்தான் எடுத்தார்.

மறுநாளே குருவி ஆபரேட்டர். அந்தப் படம் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் தொங்குகிறது. பலகையில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக இருக்கிறது. இடது ஓரத்தில், இணைப்பை இறுக்கும் கிரீஸ் படிந்த ஒரு முழங்கை தெரியும். அது யாருடையது என்று, கேட்காதவர்களுக்கும் நான் சொல்லிவிடுகிறேன்.