மீனம்மாவும் இரகசிய வருகையும்

தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராச் சுவரில் பாஸ்டர் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிய நாளிலிருந்து மீனம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். பாஸ்டர் ஜெபித்துத் தன் மூச்சிழுப்பு நின்ற நன்றிக்கு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்தாள். புருஷன் அழகுமுத்து சேரவில்லை. அவருக்கு முனியாண்டியும் பீடியும் போதும்.

படத்தில் ஆண்டவர் இரகசியமாக வந்ததும் விசுவாசிகள் வேலை செய்த இடத்திலேயே வானத்துக்கு எடுக்கப்பட்டு மறைந்துபோனார்கள். செருப்பு மட்டும் கிடந்தது. ஒரு தாயும் போய்விட, தொட்டிலில் பிள்ளை வீறிட்டது.

"பெத்தவ இப்பிடியா விட்டுட்டுப் போவா?" என்று பாதிப் பெண்கள் எழுந்து போனார்கள். பிள்ளையில்லாத மீனம்மாவுக்கோ அந்தத் தொட்டிலில் அழகுமுத்துதான் தெரிந்தார். பாலில்லாத சாயத்தண்ணித் தேநீர் போடக்கூடத் தெரியாத மனிதர்.

"ஏங்க, நான் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"போறப்ப அடுப்ப அணைச்சிட்டுப் போ புள்ள."

"ஒருக்காவாவது ஜெபத்துக்கு வாங்களேன்."

"மாட்டுக்குப் புல்லறுக்கணும்."

அடுத்த வாரம், தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தாமதமாக மலை ஏறினாள். நிரைக்கு நிரை கூடைகள் கவிழ்ந்து, கொழுந்து சிதறி, ஒற்றை ஒற்றையாகச் செருப்புகள். ஒரு சனமில்லை. தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று அழ உட்கார்ந்தவளின் கண்ணில் பாதி கட்டிய புல்லுக்கட்டு பட்டது. பக்கத்தில் அழகுமுத்துவின் செருப்பு.

அழுகை நின்றது.

"காலையில முனியாண்டிக்குச் சூடம் கொளுத்துன மனுசன எடுத்துக்கிட்டு, என்னைய விட்டுட்டீங்களா ஆண்டவரே?"

பயம் முற்றி, கல்யாணமான நாளிலிருந்து நாக்கில் வராத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "அழகுமுத்து! அழகுமுத்து!"

"கத்தாத புள்ள, குளவி கலைஞ்சிருச்சு. உக்காரு கீழ."

நிரைகளுக்கு நடுவே வெட்டிய தண்ணீர்க் கானுக்குள், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு அத்தனை பேரும் சுருண்டு கிடந்தார்கள். அழகுமுத்துவின் முகம் பூசணிக்காய்.

"பேரச் சொல்லியா கூப்பிடுற?" என்றது அது.

தோட்டத்துப் பேச்சில் குளவி ஒவ்வொன்றும் சிட்டுக்குருவி அளவாம். வீங்கிய முகத்தைப் பார்த்து மாடே இரண்டு நாள் அவரிடம் கறக்க நிற்கவில்லையாம். இதில் மாட்டுச் சங்கதியை நம்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவளைச் சாட்சி சொல்ல எழுப்பினார்.

"ஆண்டவர் என்னையக் கூப்பிடுறதா இருந்தா அவரையும் சேத்துக் கூப்பிடச் சொல்லுங்க பாஸ்டரய்யா. இல்லாட்டி நான் அடுத்த பஸ்ஸுல வாறேன்."

"அதுக்கு அடுத்த பஸ் கெடையாதும்மா."

"அப்ப நான் இங்கனயே நிக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, படபடப்பு போகவில்லை. மலையோரம் புல்லறுக்கும் சத்தம் சற்று நின்றால் போதும், கொழுந்தை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். "இருக்கேன் புள்ள" என்று குரல் வரும்வரை அவள் கை கூடைக்குப் போவதில்லை.